இணைத்தால் போதுமா?

போலீஸைக் கண்டதும் ஓடிய திருடனைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘ஆன் ஸீயிங்’ என்று தொடங்கினால் சிம்பிள், நடுவில் ‘ஆண்ட்’ வந்தால் காம்பவுண்ட், ‘ஆஸ் ஸூன் ஆஸ்’ என்று தொடங்கினால் காம்ப்ளெக்ஸ். ஆங்கில இணைப்புச் சொற்கள் நம் மாணவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வாக்கிய மாற்றப் பயிற்சி வழியாகவே மனத்தில் பதிகின்றன. கரும்பலகையில் ஓர் அட்டவணை: முரணுக்கு ‘இன் ஸ்பைட் ஆஃப் – பட் – தோ’, காரணத்துக்கு ‘பிகாஸ் ஆஃப் – ஸோ – ஆஸ்’. இந்த முறை எதைக் கற்றுத் தருகிறது, எதைத் தராமல் விடுகிறது என்பதை நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் அதன் வலிமை. ‘மழை பெய்தாலும் வந்தான்’ என்று தமிழில் சொல்லும்போது முரணைக் காட்டும் உறுப்பு வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘மழை’ என்று பேச்சைத் தொடங்கிய பிறகும் அதைப் ‘பெய்ததால்’ என்று முடிப்பதா, ‘பெய்தாலும்’ என்று முடிப்பதா என்று தீர்மானிக்க அவகாசம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘தோ’ தான் சேரும் செய்தியின் வாசலிலேயே நிற்க வேண்டும். இரண்டு செய்திகளுக்கும் என்ன உறவு என்று முடிவு செய்துவிட்டுத்தான் அந்தச் செய்தியைச் சொல்லத் தொடங்க முடியும். தமிழ்க் குழந்தைக்கு இது இயல்பாக வரும் பழக்கமன்று, பயிற்சியால்தான் வரும்.

‘இன் ஸ்பைட் ஆஃப்’ வந்தால் அதன்பின் பெயர்ச்சொல்லோ ‘இங்’ வடிவமோ வர வேண்டும். ‘தோ’ வந்தால் எழுவாயும் வினையும் வர வேண்டும். வீட்டில் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை யாராவது உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும். அட்டவணை அதைச் செய்கிறது. நெரிசலான வகுப்பிலும் நடத்தலாம், விடைத்தாளைத் திருத்துவது எளிது, முதல் தலைமுறையாகப் படிக்க வருபவருக்கும் உறுதியான மதிப்பெண் கிடைக்கும். இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆய்வுகளும் இந்தத் திசைக்குத் துணை நிற்கின்றன. அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாமும் டொலோரஸ் பெரினும் 2007-இல் வெளியிட்ட ‘ரைட்டிங் நெக்ஸ்ட்’ அறிக்கை, மாணவர்களின் எழுத்தை மேம்படுத்தும் 11 வழிகளில் ஒன்றாக வாக்கிய இணைப்புப் பயிற்சியைச் சேர்த்தது. மரபான இலக்கணப் பாடம் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் பயிற்சிக்கும் நம்முடையதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அங்கே மாணவர் துண்டு துண்டான எளிய வாக்கியங்களைச் சேர்த்து, செறிவான வாக்கியங்களைக் கட்டப் பழகுகிறார். இங்கே ஏற்கெனவே இருக்கும் ஒரு வாக்கியம் வேறொரு அச்சில் வார்க்கப்படுகிறது, அவ்வளவுதான்.

இந்த முறையின் பெரிய குறை இங்கேதான் தொடங்குகிறது. மூன்று வடிவங்களும் ஒரே பொருள் தருபவை என்று அது மாணவரை நம்பவைக்கிறது. ஒரு கைபேசியைப் பற்றி இரண்டு செய்திகள்: விலை அதிகம், தரம் நன்று. ‘விலை அதிகம், ஆனால் தரம் நன்று’ என்பவர் வாங்கச் சொல்கிறார். ‘தரம் நன்று, ஆனால் விலை அதிகம்’ என்பவர் வேண்டாம் என்கிறார். ஆங்கில ‘பட்’டிலும் இதே கதைதான்: பின்னால் வருவதற்கே கனம். ‘தோ’ அப்படியன்று. அது எந்தச் செய்தியின் தலையில் அமர்கிறதோ அந்தச் செய்தி முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் பெரும்பாலும் தாழ்ந்தே நிற்கும். எதை உயர்த்துவது, எதைத் தாழ்த்துவது என்ற இந்தத் தேர்வே இணைப்புச் சொல்லின் உயிர். நம் தேர்வுத்தாளில் அதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை.

இன்னொரு வாக்கியத்தையும் பார்க்கலாம். ‘அவன் ஏழை, ஆனால் நேர்மையானவன்.’ வகுப்பறையில் இதை ‘தோ’வுக்கும் ‘இன் ஸ்பைட் ஆஃப்’புக்கும் மாற்றச் சொல்வார்கள். மொழித் தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1961-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஏழ்மையையும் நேர்மையையும் ‘பட்’ கொண்டு இணைக்கும் இதே போன்ற வாக்கியத்தை எடுத்து ஆராய்ந்தார். அவர் ஏழை, அவர் நேர்மையானவர் என்ற இரண்டும் உண்மையானால் வாக்கியமும் உண்மைதான். ஆனால் ஏழைகளிடம் நேர்மையை எதிர்பார்க்க முடியாது என்பதுபோன்ற ஒரு குறிப்பை அந்த ஒற்றைச் சொல் உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. ‘ஆண்ட்’ போட்டால் அந்தக் குறிப்பு மறைந்துவிடும். ஓர் இணைப்புச் சொல்லுக்குள் சமூகத்தைப் பற்றிய ஒரு தீர்ப்பே ஒளிந்திருக்கக் கூடும் என்பதை நம் பிள்ளைகள் எந்த வகுப்பில் கற்பார்கள்? அந்த வாக்கியத்தை மூன்று வடிவத்தில் எழுதிப் பார்த்த பிறகும் அவர்கள் கண்ணில் அந்தத் தீர்ப்பு படுவதில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மற்ற குறைகள் இதிலிருந்து கிளைப்பவை. அட்டவணையை மனப்பாடம் செய்தவர், ‘தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ‘பட்’டையும் சேர்த்துவிடுகிறார். ‘நோ ஸூனர் டிட்’ என்ற வாய்ப்பாட்டை நினைவில் வைத்தவர், அதன்பின் ‘ஸீ’க்குப் பதில் ‘ஸா’ என்று எழுதுகிறார். ‘சிம்பிள்’ என்ற பெயரும் குழப்புகிறது. உட்கூறு ஒன்றே என்பதால் வந்த பெயர் அது. பேசுவதற்கு எளிது என்று பொருளில்லை. அன்றாடப் பேச்சில் ‘பட்’ வரும் இடத்தில் ‘இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் பீயிங்’ என்று தொடங்கினால் கேட்பவருக்கு மனுவை வாசிப்பதுபோல் இருக்கும். எந்த வடிவம் எந்தச் சூழலுக்கு ஏற்றது என்பதை அட்டவணை சொல்வதில்லை.

இதற்காக அட்டவணையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வடிவம் கைக்கு வராதவரிடம் தேர்வு செய் என்று சொல்வது வீண். அட்டவணைக்குப் பிறகு ஒரு படி கூடுதலாக வேண்டும். கைபேசி பற்றிய அதே இரண்டு செய்திகளோடு ‘அதனால் வாங்காமல் திரும்பிவிட்டேன்’ என்ற மூன்றாவது வாக்கியத்தையும் கொடுத்து, இதற்கு முன் எந்த வடிவம் பொருந்தும் என்று கேட்கலாம். இதற்கும் தெளிவான விடை உண்டு, திருத்துவதும் கடினமன்று. நம் பள்ளிகளில் வினாத்தாள் கேட்பதைத்தான் வகுப்பறை நடத்துகிறது. ஆகவே மாற்றம் வினாத்தாளிலிருந்தே தொடங்க வேண்டும். ‘மாற்றி எழுதுக’ என்ற வினாவுக்குக் கீழே ‘இந்த இடத்துக்கு எது பொருந்தும், ஏன்?’ என்ற ஒரு வரி சேர்ந்தால் போதும். இணைப்புச் சொல்லைத் தன் கருத்துக்கு ஏற்ப ஆளத் தெரிந்த மாணவரை அதே பாடம் உருவாக்கும்.