எது ஒழைக்கிறது? யார் பேசுவது?

கருத்துக்குப் பஞ்சமில்லை. படாளம் கூட்ரோடு டீக்கடையில் அரைமணி நேரம் நின்றால் போதும். "அந்தக் காலத்து நோக்கியா மாதிரி வருமா சார், கீழ போட்டா தரைதான் உடையும்." "இப்ப வர்றதெல்லாம் ரெண்டு வருஷம்தான், அப்புறம் பாட்டரி போயிடும்." அடுத்த கிளாஸ் கைக்கு வருவதற்குள் பேச்சு தாவிவிடும்: "பேச்சுரிமை இருக்குன்னு போன்ல எத வேணா போட்டுடலாமா? புடிச்சு உள்ள போடணும்." முதல் கருத்து கம்பெனிக்கு எதிரானது, இரண்டாவது அரசுக்கு ஆதரவானது என்று தோன்றும். இரண்டும் ஒரே இருக்கையிலிருந்து பேசப்படுபவை என்பதுதான் நமது வாதம். அது நுகர்வோரின் இருக்கை.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். நீடித்து வருகிற பொருளை நம் சனங்கள் 'ஒழைக்கும்' என்கிறார்கள். செருப்பு ஒழைக்கும், சைக்கிள் டயர் ஒழைக்கும், இங்குள்ள சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர் ஒழைக்கும். நீடிப்பதற்கும் பாடுபடுவதற்கும் ஒரே வினைச்சொல். பண்டத்துக்குள் உறைந்து கிடப்பது இறந்த உழைப்பு என மார்க்ஸ் விரித்துச் சொன்னதைப் பேச்சுவழக்கு ஒரு சொல்லில் வைத்திருக்கிறது. வைத்திருக்கும் அதே மூச்சில் மறைத்தும் விடுகிறது. "போன் பத்து வருஷம் ஒழைச்சது" என்னும்போது போன் எழுவாயாகிறது. உழைத்தவள் வாக்கியத்திலிருந்தே நீக்கப்படுகிறாள்.

அவளைத் திரும்பக் கொண்டுவந்து பார்க்கலாம். நோக்கியா 1100 வந்தது 2003இல். தூசி புகாத பொத்தான்கள், தலையில் ஒரு டார்ச். உலகமெங்கும் 25 கோடி விற்றது. 2006இல் அதே கம்பெனி ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. 2010இல் அங்கே ஓர் இளம் பெண் தொழிலாளி எந்திரத்தில் சிக்கி இறந்தார். எந்திரத்தை உடைத்து அவரை மீட்க விடவில்லை என்று உடன் வேலை செய்தவர்கள் குற்றஞ்சாட்டினார்கள். வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டதால் மைக்ரோசாப்ட் வாங்கியவற்றில் இந்த ஆலை சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஆலையின் ஆயுள் ஒன்பது ஆண்டுகூட இல்லை. டீக்கடை ஏக்கத்தில் இதெல்லாம் கிடையாது. உடையாத போன் மட்டும்தான் உண்டு.

சரி, நுகர்வோரின் குறை கேட்கப்படாமல் போகிறதா? இல்லை. பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்த சங்கதி 2017 டிசம்பரில் அம்பலமானபோது ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது, பாட்டரி மாற்றும் கட்டணத்தையும் குறைத்தது. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு 'பழுதுநீக்கும் உரிமை'க்கென ஓர் இணையத்தளம் திறந்தது. நுகர்வோர் வாய் திறக்க வேண்டுமென்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஸ்டார் போடச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள்.

உற்பத்தி செய்கிறவள் வாய் திறந்தால்? 2021 டிசம்பரில் பாக்ஸ்கானின் ஐபோன் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு நஞ்சாகி 250க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் செத்துப்போனார்கள் என்று செய்தி பரவியது. 17ஆம் தேதி இரவு சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்தார்கள். யாரும் சாகவில்லை, செய்தி பொய். வதந்தி பரப்பியதாக ஒரு யூடியூபர் கைதானார். மறுநாள் 67 பெண்களையும் ஒரு பத்திரிகையாளரையும் பிடித்துவைத்து அவர்களின் போன்களைப் போலீஸ் பறித்துக்கொண்டது என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. காவல்துறை மறுத்தது. ராய்ட்டர்ஸ் எழுதியது உண்மையானால், போன் செய்கிற கைகளிலிருந்தே போன் பிடுங்கப்பட்டிருக்கிறது.

"வதந்திதானே, புடிச்சது சரிதானே" என்பார்கள். இதை லேசாகத் தள்ள முடியாது. 2018 மே மாதம் போளூர் அருகே, பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற வாட்ஸ்அப் புரளியால் ஒரு மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். ஆனால் இரண்டு வதந்திகளையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? ஒன்று ஆதரவற்ற அந்நியர்மேல் பாய்ந்தது. மற்றது அதிகாரத்தின் வாசலில் நின்று "எங்க பொண்ணுங்க எங்கே?" என்று கேட்டது. விவசாயிகளின் கிளர்ச்சிகள் பற்றிய தமது 1983ஆம் ஆண்டு நூலில் வதந்தியை அடித்தள மக்களின் தொடர்புச் சாதனமாக ரணஜித் குகா வாசித்தார். அந்த வாசிப்பு நமக்கு இங்கே உதவும். செய்தி பொய்யா என்பதோடு விசாரணை முடியக் கூடாது. அந்தப் பொய் ஏன் அவ்வளவு சுலபமாக நம்பும்படி இருந்தது? அதற்குப் பதில் விடுதியின் சமையலறையிலும் தங்கும் அறைகளிலும் இருந்தது. பிறகு ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது, பாக்ஸ்கான் வருத்தம் தெரிவித்தது. இந்தக் குறையைக் கேட்கவைக்க நெடுஞ்சாலையை மறிக்க வேண்டியிருந்தது.

நம்மிடமும் ஒரு கோளாறு உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்சநீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாதென்றபோது எழுதுகிறவர்கள் கொண்டாடினோம். 2012இல் புதுச்சேரியில் ஒரே ஒரு ட்வீட்டுக்காக ஒருவர் கைதானதை நினைத்தால் கொண்டாட்டம் நியாயம்தான். ஆனால் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவில் பேச்சுரிமைக்குப் பக்கத்திலேயே சங்கம் அமைக்கும் உரிமையும் இருக்கிறது. அதைப் பேச்சு சம்பந்தப்பட்டதாக நாம் படிப்பதில்லை. அது தொழிற்சங்கத்துக்காரங்க விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். 2024இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கை, தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில். அந்தப் போராட்டத்தைக் கருத்துச் சுதந்திரப் பிரச்சினையாக எத்தனை இலக்கியக் கூட்டங்களில் பேசினோம்?

இதற்காகப் போனைத் தூக்கிக் கிணற்றில் போடு என்று யாரும் சொல்லவில்லை. நீடித்து உழைக்கும் போன் வேண்டும், கழற்றி மாட்டுகிற பாட்டரி வேண்டும், பக்கத்துக் கடைப் பையன் பழுதுபார்க்க உதிரிப்பாகம் வேண்டும். எல்லாம் நியாயமான கோரிக்கைகள். ஆனால் பண்டத்தின் ஆயுளைப் பேசுகிற கோரிக்கை, அதைச் செய்கிறவளின் வேலை நிரந்தரத்தையும் சேர்த்துப் பேசாவிட்டால் வெறும் வாடிக்கையாளர் புகாராகவே நிற்கும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற கம்பெனி பஸ்களை நாம் தினமும் பார்க்கிறோம். பழுதுநீக்கும் உரிமை பற்றி அடுத்துப் போடுகிற கூட்டத்துக்கு, அந்த பஸ்ஸில் போகிறவர்களைப் பேசக் கூப்பிட வேண்டும். அவர்கள் ஷிப்டு முடிகிற நேரம் பார்த்துக் கூட்டத்தை வைக்க வேண்டும்.