நாற்பதாயிரம் டாலரும் ஓர் அணிலும்

டெப்ரா கிரானிக் இயக்கிய 'வின்டர்ஸ் போன்' (2010) படத்தை வகுப்பில் ஐந்தாறு முறை போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், "தனியாளாக நின்று குடும்பத்தைக் காப்பாற்றிய பெண்ணின் கதை" என்று சொல்லித்தான் தொடங்குவேன். போன வருடம் ஒரு மாணவி கேட்டாள்: "அவளுக்கு வேற வழி இருந்துச்சா மேடம்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலம், ஓசார்க் மலைப்பகுதி. ரீ டாலிக்கு வயது 17. போதைப்பொருள் காய்ச்சும் அப்பா, வீட்டையும் மரக்காட்டையும் ஜாமீனுக்கு ஈடுவைத்துவிட்டுக் காணாமல் போகிறார். அவர் கோர்ட்டுக்கு வராவிட்டால் வீடு போய்விடும். அம்மா மனநோயில் பேச்சடங்கிப் போனவர். தம்பியும் தங்கையும் சின்னப் பிள்ளைகள்.

ரீ அவர்களுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கிறாள். ஓர் அணிலைச் சுட்டு, தோலுரித்து, குடலை எடுக்கச் சொல்கிறாள். (அணில் என்றதும் என் வகுப்பில் "ஐயோ" என்று சத்தம் வரும். நம் வீட்டு முற்றத்து அணில் அல்ல, அதைவிடப் பெரியது.) இதையும் சாப்பிடுவோமா என்று தம்பி குடலைக் காட்டிக் கேட்கிறான். இப்போதைக்கு இல்லை என்கிறாள் அக்கா. கிராமத்துத் தற்சார்பு என்று நாம் ரசித்துப் பேசுவதன் அடியில் இருப்பது அந்த 'இப்போதைக்கு'தான். அப்பா கைவிட்டார், அரசு எட்டிப் பார்க்கவில்லை. மிச்ச வேலை முழுவதும் ஒரு பெண்பிள்ளையின் தலையில்.

அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை என்றால் 1791-இல் வந்த இரண்டாவது அரசியல் சட்டத் திருத்தத்தைக் காட்டுவார்கள். 2008-இல் உச்ச நீதிமன்றம், தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றது. அந்த வாதம் கற்பனை செய்யும் எதிரி, கதவை உடைத்து வரும் அந்நியன். ரீயை அடித்து நொறுக்குபவர்களோ உறவுக்காரப் பெண்கள். அந்தக் குடும்பத்தின் பெரிய மனிதர் தம்ப் மில்டன் கை ஓங்குவதில்லை. ஆண்களின் ரகசியத்தைக் காக்கும் வேலையைப் பெண்கள் செய்து முடிக்கிறார்கள். வீட்டில் இருக்கும் துப்பாக்கியால் அவளுக்கு அணில் கறி கிடைத்தது, பாதுகாப்பு கிடைக்கவில்லை. அதே துப்பாக்கி அப்பாவின் சகோதரர் டியர்டிராப் கையில் இருக்கும்போது ஷெரீஃபே பின்வாங்குகிறார். உரிமை யாருக்குப் பலிக்கிறது என்று அந்த ஒரு காட்சியில் தெரிந்துவிடுகிறது.

நான் இத்தனை நாள் கவனிக்காமல் விட்டது பள்ளிக்கூடக் காட்சியை. படிப்பை நிறுத்திய ரீ, ஒரு வகுப்பை எட்டிப் பார்க்கிறாள்: மாணவிகள் பொம்மைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு பிள்ளை வளர்க்கப் பழகுகிறார்கள். இன்னொரு பக்கம் ராணுவப் பயிற்சி மாணவர்களின் அணிவகுப்பு. அவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் கதவுகள் இந்த இரண்டுதான். முதல் வேலையை அவள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள். அதனால் ராணுவத்தில் சேரப் போகிறாள், 40,000 டாலர் கிடைக்கும் என்று. பெற்றோர் கையெழுத்து வேண்டும், பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாது என்கிறார் அதிகாரி. வீட்டில் இருப்பதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும் என்றும் சொல்கிறார். கனிவாகத்தான் சொல்கிறார். ஆனால் பெண்ணை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப எத்தனை காலமாக இதே பாராட்டு பயன்பட்டு வருகிறது! நானும் வகுப்பில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தம்ப் மில்டனாக நடித்த ரான் ஹால் நிஜத்தில் வியட்நாம் போர்வீரர். அவரைப் பற்றி கிரானிக் எடுத்த ஆவணப்படம் 'ஸ்ட்ரே டாக்' (2014). அதில் அவர் மோட்டார் சைக்கிளில் சக வீரர்களோடு வாஷிங்டன் நினைவுச் சுவருக்குப் போகிறார். போரில் செய்ததை மனநல ஆலோசகரிடம் பேசுகிறார், உடைந்து போகிறார். என்னை உலுக்கிய படம் அது. ஆனாலும் அவருக்கு ஒரு சுவர் இருக்கிறது, துணைக்கு ஆட்கள் இருக்கிறார்கள், திரும்பிப் பார்க்க ஒரு பெயருள்ள போர் இருக்கிறது. இரவில், படகிலிருந்து குனிந்து, குளிர்ந்த தண்ணீருக்குள் செத்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு பெண் அதை ரம்பத்தால் அறுக்கும்வரை காத்திருந்த ரீ, முப்பது வருடம் கழித்து யாரிடம் பேசுவாள்?

படத்தின் முடிவில் கிரானிக் கொஞ்சம் தளர்ந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். ஜாமீன்காரர் மீதிப் பணத்தைத் தருகிறார், டியர்டிராப் கோழிக்குஞ்சுகள் கொண்டுவருகிறார், வீடு நிலைக்கிறது. நமக்கு மூச்சு விட வசதியாக இருக்கிறது. ராணுவத்துக்குப் போய்விடுவாயா என்று தம்பி, தங்கை பயப்படுகிறார்கள். எங்கும் போகமாட்டேன் என்கிறாள் ரீ. அந்த இடத்தில் என் மாணவிகள் எப்போதும் கைதட்டுவார்கள். கேள்வி கேட்ட பெண் மட்டும் தட்டவில்லை.