ஆமை மேயும் தோட்டம்

வீட்டுக்கு வெளியே நில ஆமைக்குக் கட்டும் அடைப்பில் நடும் செடி, நிழலும் தரவேண்டும், இரையும் ஆகவேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டுக்கும் முதலில் நிற்பது செம்பருத்தி. 1960இல் மலாயாவின் தேசிய மலரான அது, இன்று மலேசியாவின் தேசிய மலர். அந்தப் பெருமையெல்லாம் ஆமைக்குத் தெரியாது. உதிர்ந்த பூவை முன்னங்காலால் மிதித்துக்கொண்டு இதழிதழாகக் கிழித்துத் தின்னும். இலையையும் விடாது. புதர் அடர்ந்தால் உச்சி வெயிலில் அதனடியில் ஒதுங்கவும் செய்யும்.

தரைக்கு அறுகம்புல் போதும். மேய மேயத் தழைக்கும். சப்பாத்திக்கள்ளியில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, ஓட்டுக்கு நல்லது. ஆனால் இங்கே பெய்யும் மழைக்கு வேர் அழுகிவிடும் என்பதால், மணல் கலந்த மேட்டில்தான் அதை வைக்கவேண்டும். ஈர ஓரங்களுக்கு வல்லாரை. பசலைக் கீரையை அளவோடு தருவதே முறை. அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது.

பூசைக்கென வாசலில் வைக்கும் அரளியை அடைப்பின் பக்கமே விடக்கூடாது. வேர் முதல் பூ வரை நஞ்சு, இதயத்தைத் தாக்கும். அழகுக்கு வளர்க்கும் வண்ணச் சேம்பு வாயைப் புண்ணாக்கும். உண்ணிச்செடியும் ஆகாது.

சுங்கை பூலோ நாற்றங்கால்களில் வாங்கும் செடியானாலும் பூச்சிமருந்து பட்டிருக்கலாம். மண்ணை மாற்றி, சில வாரம் தனியே வளர்த்து, புதுத் தளிர் விட்டபின் நடுவதே பாதுகாப்பு.