மெல்லக் கரையும் யூரியா: ஓர் ஆய்வுக் கட்டுரை பற்றிய திறனாய்வு

கொம்பனித்தெருவிற் பேர வாவியின் கரையோரமாக நடந்து செல்வோர் அதன் நீரின் தடித்த பச்சை நிறத்தைக் கண்டிருப்பர். நீலப்பச்சை அல்காக்களின் பெருக்கமே அந்நிறத்துக்குக் காரணமாகும். நகரத்தின் கழிவுநீரோடு வந்து சேரும் நைதரசனும் பொசுபரசும் அவற்றுக்கு உணவாகின்றன. இதே இரு மூலகங்களையே நமது கமக்காரர் பணங்கொடுத்து வாங்கி நெல்வயலில் இடுகின்றனர். வயலில் இட்டவை பயிரிடம் தங்காது வீணாவதும், வேண்டாத நீர்நிலையில் இவை வந்து குவிவதும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள். ஊட்டச்சத்தை வேண்டிய இடத்தில், வேண்டிய காலம்வரை நிறுத்திவைப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடைகாண முயன்ற இலங்கை ஆய்வுக் கட்டுரை ஒன்றை இங்கு நோக்குவோம்.

திறனாய்வு என்றதும் கவிதை, நாவல், நாடகம் என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. விஞ்ஞானக் கட்டுரையைக் கற்கலாம், மேற்கோள் காட்டலாம். ஆனால் அதனை மதிப்பிடுவது நம் வேலையன்று என்ற எண்ணம் மாணவரிடையே மட்டுமன்றி விரிவுரையாளர் சிலரிடையேயும் உண்டு. ஓர் ஆக்கத்தை அது தோன்றிய சமூகச் சூழலோடு பொருத்தி நோக்கும் பழக்கத்தைக் கைலாசபதியும் சிவத்தம்பியும் ஈழத்துத் தமிழ் வாசகருக்கு ஏற்படுத்தினர். இரசாயனவியற் கட்டுரையும் மனிதர் எழுதிய ஆக்கமே. அது எதனை நிறுவுகிறது, எதனை நம்புகிறது, எதனை வாசகரின் ஊகத்துக்கு விடுகிறது என்று கேட்பதில் தவறில்லை.

நாம் எடுத்துக்கொண்ட கட்டுரை 2017ஆம் ஆண்டு அமெரிக்க இரசாயனக் கழகத்தின் ‘ஏசிஎஸ் நனோ’ சஞ்சிகையில் வெளிவந்தது. யூரியாவையும் ஐதரொட்சி அப்பற்றைற்றையும் நனோ அளவில் இணைத்து நைதரசனை மெல்ல விடுவித்தல் அதன் பொருள். நில்வலா கோத்தேகொட, வெரஞ்ச கருணாரத்ன, கெஹான் அமரதுங்க ஆகியோர் உட்படப் பத்து ஆய்வாளர் இதனை எழுதினர். 2008இல் தொடங்கப்பட்ட இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனமே இவ்வாய்வின் களம்.

யூரியா மலிவானது, நைதரசன் செறிந்தது. ஆயின் அதன் குறையும் அதன் இயல்பிலேயே உள்ளது. ஒரு லீற்றர் நீரில் ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட யூரியா கரையும். வயலில் இட்டதும் கரைந்து, மண்ணிலுள்ள நொதியத்தால் அமோனியாவாகிறது. அதில் ஒரு பகுதி காற்றிற் கலக்கிறது. இன்னொரு பகுதி நைத்திரேற்றாகி நீரோடு வடிகிறது. இட்டதில் அரைவாசியோ அதற்கு மேலோ பயிரைச் சேராமற் போவது உலகெங்கும் கண்ட அனுபவம். இக்கரைதிறனைக் கட்டுப்படுத்தவே ஆய்வாளர் ஐதரொட்சி அப்பற்றைற்றைத் தெரிந்தெடுத்தனர். நமது எலும்பிலும் பல்லிலும் உள்ள கல்சியம் பொசுபேற்றுக் கனியத்தை ஒத்தது அது, மண்ணுக்கு நஞ்சன்று. அதன் நனோத் துணிக்கைகளை யூரியாவின் முன்னிலையிலேயே உருவாக்கி, அத்தொங்கலை விரைவாக உலர்த்தித் திண்மமாகப் பெற்றனர். யூரியாவுக்கும் அப்பற்றைற்றுக்கும் உள்ள நிறை விகிதம் 6:1. விளைபொருளில் நைதரசன் 40 சதவீதம். நீரில் இது தூய யூரியாவைவிட 12 மடங்கு மெதுவாக யூரியாவை விடுவித்தது. முதற்கட்ட நெல்வயற் சோதனைகளில் யூரியாவின் தேவை அரைப்பங்காகக் குறைந்தும் விளைச்சல் குன்றவில்லை.

இக்கட்டுரையின் முதற் சிறப்பு அதன் எளிமை. அரிய உலோகமோ விலையுயர்ந்த கருவியோ அதன் மையத்தில் இல்லை. வளர்முக நாட்டில் உரத்தின் விலையே உணவுக்கு எல்லையாகிறது என்ற உணர்விலிருந்து அது புறப்படுகிறது. இரண்டாவது சிறப்பு அதன் தொடர்ச்சி. 2011இல் ‘கறன்ற் சயன்ஸ்’ சஞ்சிகையில் இக்குழுவினர் வெளியிட்ட முன்னைய கட்டுரையில், நாம் வேலிக்கு நடும் சீமைக்கிளுவையின் மென்மரத் துளைகளில் இதே கலவையை அடைத்து, இலங்கை மண்வகைகள் மூன்றிற் சோதித்திருந்தனர். அறுபதாம் நாளிலும் நைதரசன் வெளிவந்தது. ஊர் மரத்தையும் ஊர் மண்ணையும் ஆய்வுப்பொருளாக்கிய அத்துணிவு போற்றத்தக்கது.

இனிக் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. முதலாவது மேற்பரப்புப் பற்றியது. நனோத் துணிக்கையின் பெரும் மேற்பரப்பு மிகுதியான யூரியாவைப் பிணைக்கும் என்பது கட்டுரையின் வாதம். ஒரு கிராம் அப்பற்றைற்றுக்கு 100 சதுர மீற்றர் பரப்பு எனக் கொள்வோம். ஒரு மூலக்கூறு தடிப்புள்ள படலமாக அதில் ஒட்டக்கூடிய யூரியா ஒரு கிராமின் இருபதில் ஒரு பங்கு அளவினதே. ஆனால் அங்கு இருப்பதோ ஆறு கிராம். எனவே யூரியாவின் மிகப் பெரும்பகுதி துணிக்கையை நேரே தொட்டிருக்க முடியாது. விரைவாக உலர்த்தியதால் மேலதிக உறுதி கிடைத்ததென ஆசிரியர்களே கூறுகின்றனர். அப்படியாயின் இப்பொருளின் இரகசியம் துணிக்கையின் சிறுமையிலும் பார்க்க உலர்த்தும் முறையிலேயே கூடுதலாகத் தங்கியிருக்கலாம். பெருமளவு உற்பத்தியில் இவ்வேறுபாடு முக்கியமானது.

இரண்டாவது பொசுபரசு பற்றியது. அப்பற்றைற்று பொசுபரசின் வளமான மூலம் என்கிறது கட்டுரை. தூய அப்பற்றைற்றில் பொசுபரசு 18.5 சதவீதம் என்பது உண்மையே. ஆயினும் அது கலவையில் ஏழில் ஒரு பங்கு மட்டுமே ஆதலால், உரத்தில் எஞ்சுவது ஏறத்தாழ 2.6 சதவீதம். நெல்லின் பொசுபரசுத் தேவையை இது தனித்து நிறைவேற்றாது. ‘வளமான’ என்ற அடைமொழி மூலப்பொருளுக்குப் பொருந்தும், விளைபொருளுக்குப் பொருந்தாது.

மூன்றாவது காலம் பற்றியது. தூய யூரியா நீரிற் கரைவது நிமிடக் கணக்கில். நிமிடங்களைப் பன்னிரண்டாற் பெருக்கினால் மணித்தியாலம் வரும், மாதம் வராது. நெற்பயிரோ மூன்று நான்கு மாதம் வயலில் நிற்பது. முகவையிற் கண்ட தாமதம் வயலிற் கண்ட சிக்கனத்தை முழுமையாக விளக்குவதாகத் தோன்றவில்லை. மண், நுண்ணுயிர், வேர் என்பவற்றிடையே நிகழும் வேறேதோ செயன்முறை இருக்கவேண்டும். வயற் பெறுபேறு பொய் என்பது இதன் கருத்தன்று. பல மண்களில், பல போகங்களில் அதனை மீளச் சோதித்தாலன்றிக் காரணமும் எல்லையும் தெளியா என்பதே கருத்து.

இக்கேள்விகள் வெறும் நுணுக்கவாதம் எனக் கருதுவோர் 2021ஆம் ஆண்டை நினைவுகூர்தல் நன்று. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது; நவம்பரிலேயே தடை தளர்ந்தது. இடையில் ஒக்ரோபரில் இந்தியாவின் இஃப்கோ நிறுவனத்தினது நனோ நைதரசன் திரவம் தருவிக்கப்பட்டது. நாம் நோக்கிய கட்டுரையின் உரம் மண்ணில் இடும் திண்மம். இது இலையில் தெளிக்கும் திரவம். இரண்டுக்கும் பொதுவானது ‘நனோ’ என்ற சொல் ஒன்றே. இந்தியாவில் விற்பனையான 500 மில்லிலீற்றர் நனோ யூரியாப் போத்தல் ஒன்று 45 கிலோகிராம் யூரியா மூடைக்கு ஈடு என்று தயாரிப்பாளர் கூறினர். நூற்றுக்கு நான்கு வீதமாக அப்போத்தலில் இருந்த நைதரசன் 20 கிராம். மூடையில் இருப்பதோ ஏறக்குறைய 20 கிலோகிராம். ஆயிரம் மடங்கு வேறுபாட்டை எந்த இலையும் தன் திறமையால் நிரப்பிவிடாது. 2023இல் டென்மார்க் ஆய்வாளர் இருவர் இக்கூற்றின் விஞ்ஞான அடிப்படையை வெளிப்படையாகக் கேள்விக்குட்படுத்தினர். உயர்தர வகுப்பு மாணவர் செய்யக்கூடிய பெருக்கல் அது. அப்பெரும்போகத்தில் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. வயலே இல்லாத கொம்பனித்தெருவிலும் 2022இல் அவ்வீழ்ச்சி அரிசி விலையாக உணரப்பட்டது.

இதற்கு 2017ஆம் ஆண்டுக் கட்டுரை பொறுப்பன்று. அது தன் அளவீடுகளை அடக்கத்துடனேயே முன்வைத்தது. கட்டுரைக்கும் வயலுக்கும் இடையே, அதனை வாசித்து நிறுத்துப் பார்க்கும் ஒரு கூட்டம் நம்மிடம் இல்லாமற் போயிற்று. அக்கூட்டம் பல்கலைக்கழகத்திலேயே உருவாகவேண்டும், தமிழிலும் உருவாகவேண்டும். ஏனெனில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உர மூடையைத் தோளிற் சுமப்பவர் தமிழிலேயே கேள்வி கேட்பார். அவருக்கு விடை கூறும் பொறுப்பு, அவருடைய வரிப்பணத்திலும் கற்கும் நமக்கு உண்டு.