எல்லைப்புறத் திரைப்படமும் மானிய முறையும்: சில குறிப்புகள்

ஐக்கிய அமெரிக்காவையும் மெக்சிக்கோவையும் பிரிக்கும் எல்லை ஏறத்தாழ 3145 கிலோமீற்றர் நீளமானது. 1848ஆம் ஆண்டுக் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையின் விளைவாக அதன் பெரும்பகுதி வரையப்பட்டது. அவ்வெல்லையில் ஒரே ஆற்றின் இரு கரைகளிலும் எல் பாசோ, சியுதாத் ஹுவாரெஸ் என்னும் இரு நகரங்கள் எதிரெதிரே அமைந்துள்ளன. ஆற்றுக்கே வடகரையில் ரியோ கிராந்தே என்று ஒரு பெயர். தென்கரையில் ரியோ பிராவோ என்று மற்றொரு பெயர். இப்பிரதேசத்துப் பெண்களும், ஆண் பெண் என்னும் இருபால் வரையறையுள் தம்மை அடக்கிக்கொள்ளாதோரும் திரைப்படம் எடுப்பதற்கெனத் தனியே மானியம் வழங்கும் முறை அண்மைக் காலத்தில் வேரூன்றி வருகிறது. 2016இல் எல் பாசோவைச் சேர்ந்த பெண் கலைஞர் சிலர் தம் குறும்படங்களை ஒன்றாகத் திரையிடத் தொடங்கியதன் வழி உருவான பெம் புரொன்தேரா என்னும் அமைப்பு இதற்கு நல்ல உதாரணமாகும்.

இத்தகைய முயற்சிகளைப் பாராட்டுதல் எளிது. ஆயின் பாராட்டும்பொழுது மானியத்தைக் கலைக்குப் புறம்பான ஒரு கணக்கு விவகாரமாகக் கருதிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. பணத்தைத் தருபவர் யார், எந்நிபந்தனையின் பேரில் தருகிறார், எவ்வளவு காலத்துக்குத் தருகிறார் என்பன ஒரு திரைப்படத்தின் உள்ளடக்கத்தை மட்டுமன்றி உருவத்தையும் நிர்ணயிக்கின்றன என்பதே நமது கருத்து. இப்பிரதேசத்திலிருந்து எழுந்த சில படங்களை முன்வைத்து இதனை ஆராய முற்படுகிறோம்.

முதலில் எல்லையை வெளியார் எவ்வாறு பார்த்தனர் என்பது நோக்கற்பாலது. ஓர்சன் வெல்ஸ் 1958இல் நெறிப்படுத்திய 'டச் ஒப் ஈவில்' எல்லைப்புற நகரமொன்றில் நிகழும் கதை. ஆனால் அந்நகரமாகக் காட்டப்பட்டது கலிபோர்னியாவின் வெனிஸ் என்னும் கடற்கரைப் பகுதி. அதில் மெக்சிக்க அதிகாரியாக நடித்தவர் சார்ல்ற்ரன் ஹெஸ்ரன். வெல்ஸின் மேதைமையை நாம் மறுக்கவில்லை. அவருக்கு எல்லை ஓர் ஊரன்று, ஓர் இருள் மாத்திரமே. ஐம்பத்தேழு ஆண்டுகளின் பின்னர் வெளிவந்த 'சிக்காரியோ' (2015) படத்திலும் இந்நிலை அதிகம் மாறவில்லை. ஹுவாரெஸ் நகருள் நுழையும் கமரா முதலிற் கண்டுகொள்வது பாலத்தில் தொங்கும் பிணங்களை. அந்நகரிலே காலையில் எழுந்து வேலைக்குச் செல்லும் இலட்சக்கணக்கான மக்கள் படத்தின் கண்ணிற் படுவது அரிது.

'சிக்காரியோ' பெரும்பாலும் நியூ மெக்சிக்கோ மாநிலத்திலேயே படமாக்கப்பட்டது. 2007இல் வெளியான 'நோ கன்ட்ரி போர் ஓல்ட் மென்' படத்தில் ரெக்சாசாகக் காட்சியளிப்பதும் பல இடங்களில் நியூ மெக்சிக்கோவே. காரணம் இயற்கைக் காட்சி மட்டுமன்று. அம்மாநிலத்தில் திரைப்படக் கம்பனியொன்று செலவிடும் தொகையில் ஒரு பங்கை அரசு வரிக்கழிவாகத் திருப்பிக் கொடுக்கிறது. 2002இல் தொடங்கிய இத்திட்டத்தில் அப்பங்கு இன்று 25 வீதத்திலிருந்து மேலே செல்கிறது. விதிகளுக்கு அமையச் செலவிட்ட கம்பனி அதனைப் பெறும். கதை நல்லதா, எல்லை மக்களை அது எவ்வாறு சித்திரிக்கிறது என்று எந்த நடுவர் குழுவும் வினவுவதில்லை. எல்லைப்புறத்துப் பெண்ணொருத்தி சில ஆயிரம் டொலர் வேண்டி விண்ணப்பிக்கும்பொழுதோ தன் கதை ஏன் முக்கியமானது, தான் ஏன் அதனைச் சொல்லத் தகுந்தவர், அதனாற் சமூகத்துக்கு விளையும் நன்மை யாது என்றெல்லாம் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியுள்ளது. இரண்டுமே கலைக்கு வந்து சேரும் பணந்தான். வெளியாரின் பார்வைக்கு அது உரிமையாகவும் உள்ளூராரின் பார்வைக்கு அது கொடையாகவும் வழங்கப்படுகிறது. மானியம் பற்றிய எவ்விவாதமும் இவ்வேற்றுமையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இவ்விடத்து 'சோல்ட் ஒப் த ஏர்த்' (1954) நினைவுக்கு வருகிறது. நியூ மெக்சிக்கோவிலே நாகச் சுரங்கத் தொழிலாளர் 1950 முதல் 1952 வரை நடத்திய வேலைநிறுத்தமே அதன் பொருள். தொழிலாளர் மறியல் செய்யலாகாது என நீதிமன்றம் தடைவிதித்தபோது அவர்தம் மனைவியர் மறியலை ஏற்று நடத்தினர். ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்ற ஹேர்பேர்ட் பைபர்மன் படத்தை நெறிப்படுத்தினார். பின்னணியில் நின்றது சுரங்கத் தொழிற்சங்கம். கதாநாயகியான மெக்சிக்க நடிகை ரொசௌரா ரெவுவெல்தாஸ் படப்பிடிப்பு முடியுமுன்னரே குடிவரவு அதிகாரிகளாற் கைதுசெய்யப்பட்டு நாடு திரும்ப நேர்ந்தது. நெறியாளர் ஆண், கதாசிரியரும் ஆண் என்பதை மறப்பதற்கில்லை. எனினும் திரைப்படச் சுவடி சுரங்கக் குடும்பங்களிடையே வாசிக்கப்பட்டு, அவர்கள் ஆட்சேபித்த இடங்கள் திருத்தப்பட்டன. அன்று நடுவர் குழுவாக இருந்தவர்கள் படத்தின் பொருளாகிய மக்களே. இன்றைய மானிய முறையில் அவ்விடத்தைத் துறைசார் வல்லுநர் சிலர் பெற்றுள்ளனர்.

எல்லைப்புறப் பெண்களின் திரைப்படம் என்று வரும்பொழுது லூர்தெஸ் போர்த்தீயோவே நம் கவனத்தை முதலில் ஈர்க்கிறார். 1943இல் மெக்சிக்கோவின் சிவாவா மாநிலத்திற் பிறந்து, இளம்பருவத்தில் ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 2024இல் மறைந்தவர் அவர். ஹுவாரெஸ் அதே சிவாவா மாநிலத்து நகரமாகும். 1965இல் மெக்சிக்க அரசு தொடங்கிய எல்லைக் கைத்தொழில் திட்டத்தின் கீழும், 1994இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் கீழும் அங்கு பொருத்துத் தொழிற்சாலைகள் பெருகின. வேலைதேடி வந்த இளம்பெண்கள் பலர் 1993 முதல் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். இதனைப் பொருளாகக் கொண்டு போர்த்தீயோ 2001இல் ஆக்கிய 'செஞ்ஞொரீத்தா எக்ஸ்த்ராவியாதா', அதாவது 'காணாமற்போன செல்வி', எல்லைப்புறத் திரைப்படங்களுள் தலையாயது என்பது நமது துணிபு.

இப்படத்தின் சிறப்பு எதில் உள்ளது? 'சிக்காரியோ' எதனைக் காட்டிற்றோ அதனைக் காட்ட மறுத்ததில் உள்ளது. பிணங்களுக்குப் பதிலாகப் பாதணிகளும் ஆடைகளும் பாடசாலைக் காலப் புகைப்படங்களும் திரையை நிரப்புகின்றன. மின்கம்பங்களில் இளஞ்சிவப்புப் பின்னணியிலே தீட்டப்பெற்ற கருஞ்சிலுவைகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. தாய்மார் பேசுகின்றனர், அவர்கள் பேசி முடிக்கும்வரை கமரா அசைவதில்லை. குற்றவாளி யார் என்ற வினாவுக்கு விடை இல்லாமலே படம் முடிகிறது. அதிகாரிகளின் கூற்றுக்களை அருகருகே வைத்து அவற்றின் முரண்களை வெளிப்படுத்தும்போது போர்த்தீயோ தம் குரலிலேயே ஐயத்தை எழுப்புகிறார். பருத்தி வயலில் எட்டுப் பெண்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டதும் 2001இலேயே. அவ்வழக்கில் மெக்சிக்க அரசு பொறுப்புடையது என அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்கு இப்படமே காரணம் என்று கூறுதல் மிகையாகும். தாய்மாரின் போராட்டமே அதன் காரணம். அப்போராட்டத்தின் குரலை உலகு கேட்கச் செய்ததிற் படத்துக்கும் பங்குண்டு.

இனி, இப்படத்தை ஒரு மானிய விண்ணப்பமாகக் கற்பனை செய்து பார்ப்போம். படிவம் கதைச் சுருக்கம் கேட்கும். முடிவு தெரியாத கதைக்குச் சுருக்கம் எழுதுவது எங்ஙனம்? கால அட்டவணை கேட்கும். அஞ்சி வாய்மூடிய சாட்சி எம்மாதத்திற் பேசுவார் என்று எவரால் முன்கூட்டி எழுதமுடியும்? அனைத்துக்கும் மேலாக, 'வளர்ந்துவரும் நெறியாளர்' என்ற தகுதி கேட்கும். போர்த்தீயோவின் முதற்படம் 1979இல் வெளிவந்தது. அர்ஜென்ரீனத் தாய்மார் பற்றிச் சுசானா முஞ்ஞோசுடன் சேர்ந்து அவர் எடுத்த 1985ஆம் ஆண்டுப் படம் ஒஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. ஹுவாரெசுக்குக் கமராவுடன் சென்றபோது இருபதாண்டு அனுபவம் அவர் பின்னால் நின்றது. தாய்மாரிடம் எப்படிப் பேசுவது, எப்பொழுது பேசாதிருப்பது என்பதை அந்த அனுபவமே அவருக்குக் கற்பித்திருக்கும். எல்லையின் மிகச் சிறந்த படம் புதியவரின் படமன்று. புதியவருக்கு மாத்திரம் என வரையறுக்கப்பட்ட நிதியொன்றினால் அது பிறந்திருக்கவும் முடியாது.

'மக்கிலாபொலிஸ்' (2006) வேறொரு வழியைக் காட்டுகிறது. விக்கி புனாரியும் சேர்கியோ தெ லா தொர்ரேயும் திஹுவானாத் தொழிற்சாலைப் பெண்களிடம் கமராவைக் கொடுத்து, அவர்களின் வாழ்வை அவர்களே பதிவுசெய்ய வழிசெய்தனர். தொழிற்சாலையில் நாள் முழுதும் செய்யும் கையசைவுகளை வெட்டவெளியில் வரிசையாக நின்று, கருவியும் பொருளும் இன்றி, அப்பெண்கள் நிகழ்த்திக் காட்டும் காட்சி மறக்கவொண்ணாதது. உழைப்பு நடனமாகிறது; நடனம் குற்றச்சாட்டாகிறது. ஆயினும் நெறியாளராகப் படத்தில் இடம்பெறும் இரு பெயர்களும் தொழிலாளர் பெயர்கள் அல்ல. இதனைக் குறையாகச் சொல்ல நாம் விரும்பவில்லை. கூட்டுமுயற்சி என்பதைப் படம் மறைக்கவுமில்லை. மானியம் யாரை நெறியாளராக ஆக்குகிறது, யாரைப் 'பங்குபற்றுநர்' என்ற நிலையிலேயே நிறுத்துகிறது என்ற வினா எழுவதை மாத்திரம் தவிர்க்க இயலாது.

எல் பாசோவில் தோன்றிய கிறிஸ்தீனா இபாராவின் வளர்ச்சி இவ்வினாவை மறுபுறத்திலிருந்து விளக்குகிறது. 2001இல் குறும்படம் ஒன்றை எடுத்தவர் அவர். அவருடைய 'லாஸ் மார்த்தாஸ்' 2014இலேயே பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. ரெக்சாசின் லரேடோ நகரில் 1898 முதல் ஜோர்ஜ் வொஷிங்டனின் பிறந்தநாள் கொண்டாடப்படுகிறது. மெக்சிக்க வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் அந்நகரிலே செல்வந்தர் வீட்டு இளம்பெண்கள் தூக்கவும் முடியாத பாரமுடைய ஆடைகளை அணிந்து குடியேற்றக் காலச் சீமாட்டியராகத் தோன்றுகின்றனர். சர்வதேசப் பாலத்தின் மீது இரு நாட்டுச் சிறுவரும் சந்தித்துத் தழுவிக்கொள்கின்றனர். இபாரா இதனை எள்ளி நகையாடியிருக்கலாம், செய்யவில்லை. அதற்காக அவர் மயங்கிவிடவும் இல்லை. பழங்குடும்பத்துப் பெண்ணுக்கும் ஆற்றுக்கப்பாலிருந்து வந்த பெண்ணுக்கும் இடையிலுள்ள வர்க்க வேற்றுமையை ஆடையின் மடிப்புக்களிலேயே அவர் காட்டிவிடுகிறார். எல்லையைக் காயமாக மட்டும் காணும் வாய்பாட்டை இப்படம் உடைத்தது. மானியக் குழுக்கள் துயரத்தை எளிதில் இனங்காண்கின்றன. முரண் நிறைந்த ஒரு கொண்டாட்டத்தை அவற்றுக்கு எடுத்துரைப்பது கடினம். 2021இல் மக்கார்தர் நல்கை இபாராவுக்குக் கிடைத்தது. முதற் குறும்படத்துக்கும் அதற்கும் இடையில் இருபதாண்டு. 'வளர்ந்துவரும்' என்ற அடைமொழி எத்தனை ஆண்டுக்குச் செல்லுபடியாகும் என்பதை நாம் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

பெண்களோடு இருபால் வரையறைக்கு அடங்காதோரையும் ஒரே தொடரிற் சேர்த்துக் குறிக்கும் வழக்கம் பற்றியும் ஒரு சொல். ஸ்பானிய மொழியிற் பெயருக்கும் பெயரடைக்கும் ஆண் ஈறு, பெண் ஈறு என இரண்டே உண்டு. தம்மைக் குறிக்கப் புதிய ஈறு ஒன்றையே இவர்கள் ஆக்க வேண்டியிருந்தது. (தமிழில் 'அவர்' என்ற பலர்பாற் சொல் மரியாதையின் பெயரால் இவ்விடத்து உதவுகிறது, நம் இலக்கணத்தின் இவ்வசதியை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.) படிவத்தில் இவர்களுக்கு இடம் கொடுத்தமை வரவேற்கத்தக்கதே. ஆனால் பெண்ணுக்கு நேர்ந்த புறக்கணிப்பும் இவர்களுக்கு நேர்ந்த புறக்கணிப்பும் ஒரே தன்மையின அல்ல. 'ஆண் அல்லாதோர்' என்று இரண்டையும் ஒன்றாக்கிவிடும் அபாயம் அத்தொடரில் உண்டு.

அவ்விடமும் உறுதியானதன்று. 2025இன் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய கலை நிதியம், 'பால் கருத்தியலை' வளர்க்கும் முயற்சிகளுக்குக் கூட்டாட்சிப் பணம் செல்லலாகாது என்ற ஆணையைத் தன் விண்ணப்ப விதிகளிற் புகுத்தியது. கலைக் குழுக்கள் நீதிமன்றஞ் சென்றன; அவ்வாண்டு செப்டெம்பரில் அவற்றுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. இதற்கிடையில் ஜூலையிற் காங்கிரஸ் பொது ஒலிபரப்புக்கென இரு ஆண்டுகளுக்கு ஒதுக்கிய ஏறத்தாழ 110 கோடி டொலரை மீளப்பெற்றது. சுதந்திர நெறியாளருக்கென 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி தோன்றிய தொலைக்காட்சிச் சேவையும், இலத்தீனோ படங்களுக்கென 1998இல் தோன்றிய பொது ஒலிபரப்பு அமைப்பும் அவ்வூற்றையே பெரிதும் நம்பியிருந்தவை. ஆற்றின் மறுகரையிலும் நிலை வேறன்று: 2020இல் மெக்சிக்க அரசு 109 பொறுப்பு நிதியங்களை ஒழித்தபோது பிடெசினே என்ற திரைப்பட நிதியமும் மறைந்தது. அங்கு கூறிய காரணம் ஊழல் ஒழிப்பு. இங்கு கூறிய காரணம் அரசியற் பக்கச்சார்பு. நியூ மெக்சிக்கோவின் வரிக்கழிவோ தொடர்கிறது.

இந்நிலையிற் சிறு உள்ளூர் மானியங்களின் மீது அவற்றால் தாங்கவொண்ணாப் பாரம் விழுந்துள்ளது. குறும்படம் ஒன்றுக்கு அவை போதலாம். ஓராண்டு வேலையை விட்டுவிட்டு ஒரு தெருவையோ ஒரு குடும்பத்தையோ பின்தொடர்வதற்கு அவை போதா. பெம் புரொன்தேரா போன்ற அமைப்புக்களிடம் நாம் மதிக்கும் அம்சம் மானியத் தொகையன்று; படங்களை எல்லைப்புற மக்கள் முன்னிலையிலேயே திரையிட்டு, அவர்கள் கண்ணெதிரே வைப்பதாகும். சுரங்கக் குடும்பங்களிடம் சுவடி வாசிக்கப்பட்ட அந்தப் பழைய வழக்கத்தின் தொடர்ச்சி அங்குதான் தென்படுகிறது. முதற் குறும்படத்தை அவ்வாறு திரையிட்ட ஒருவர் இரண்டாவது படத்துக்கு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று தேடும்பொழுது, அவருக்கு முன் இன்று எஞ்சியுள்ள படிவங்களுட் பல மீண்டும் முதற் படத்தையே கேட்கின்றன.