நோல்டேயின் மலர்களும் தூய கலை வாதமும்

மலரை வரைபவனுக்கு அரசியல் இல்லை என்பது தூய கலைவாதிகள் நெடுங்காலமாகப் பேணிவரும் நம்பிக்கை. அதனை உரைத்துப் பார்ப்பதற்கு ஜேர்மனிய ஓவியர் எமில் நோல்டேயினும் (1867–1956) ஏற்ற உரைகல் கிடைப்பது அரிது.

முதலில் ஓவியங்களை நோக்குவோம். உறிஞ்சுந்தன்மை மிக்க ஜப்பானியத் தாளை நீரால் நனைத்து, அதில் வர்ணத்தை ஊறவிடுவது அவர் கையாண்ட முறை. பொப்பிப் பூவின் சிவப்பு அயலிலுள்ள நீலத்துட் கசிந்து பரவும். இதழுக்கு எல்லை வகுப்பது கோடன்று, ஈரமே. தாவரவியல் நூலுக்குப் படம் வரைபவன் இதழ்களை எண்ணுவான்; நோல்டே மலரின் வெம்மையைத் தீட்டினார். இந்நெகிழ்ச்சி கவனக்குறைவின் விளைவன்று. வர்ணத்தை எங்கே தன்போக்கில் விடுவது, எங்கே தடுப்பது என்பதறிந்த நீண்ட பயிற்சியின் பேறு அது. இச்சிறப்பை மறுப்பது விமர்சனமாகாது.

ஆயினும், இதே கலைஞரே 1933இல் சக ஓவியரான மக்ஸ் பெக்ஸ்ரைனை யூதரென நாஸி அதிகாரியொருவரிடம் குற்றஞ்சாட்டினார், பெக்ஸ்ரைன் யூதரல்லர். 1934இல் வட ஷ்லெஸ்விக்கில் இயங்கிய நாஸிக் கட்சியிற் சேர்ந்தார். அவர் நம்பிய ஆட்சியோ 1937இல் அவருடைய ஆயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளை நூதனசாலைகளிலிருந்து பறித்தது; அவற்றுட் பலவற்றைச் ‘சீரழிந்த கலை’ எனக் காட்சிக்கு வைத்துப் பழித்தது. 1941இல் அவர் ஓவியத்தைத் தொழிலாகக் கொள்வதையும் தடைசெய்தது. அப்போதும் அவர் நாஸிக் கொள்கையிற் கொண்ட பற்றைக் கைவிட்டாரில்லை.

போருக்குப் பின் நிகழ்ந்ததே நமது கவனத்துக்குப் பெரிதும் உரியது. தடை நினைவில் வைக்கப்பட்டது, கட்சி மறக்கப்பட்டது. கொடுங்கோன்மைக்கு அஞ்சாது மறைவிலிருந்து நீர்வர்ணம் தீட்டிய தியாகி என்றொரு பிம்பம் எழுந்தது. சீக்பிரீட் லென்ஸ் 1968இல் வெளியிட்ட ‘ஜேர்மன் பாடம்’ என்னும் நாவலில் வரும் ஓவியரை வாசகர் நோல்டேயாகவே கண்டனர். தன் குற்றத்தை நேர்நின்று நோக்க விரும்பாத சமூகமொன்றுக்கு இப்பிம்பம் மிகவும் வசதியாயிற்று. 2019இல் பேர்லினில் ஆவணச் சான்றுகளோடு நடைபெற்ற கண்காட்சியே அதனை முற்றாகத் தகர்த்தது. அப்போது சான்சலராயிருந்த அஞ்செலா மேர்க்கெலின் அலுவலகச் சுவரிலிருந்த நோல்டேயின் 1915ஆம் ஆண்டு மலர்த்தோட்ட ஓவியமும் அவ்வாண்டில் இறக்கப்பட்டது.

ஓவியத்தை இறக்குவதோடு விமர்சகனின் பணி முடிந்துவிடுவதில்லை. அந்தச் சிவப்பினுள்ளே கட்சிக் கொள்கையைத் தேடுவது வீண்வேலை. ஆனால், அச்சிவப்பை அதைத் தீட்டியவனின் நேர்மைக்குச் சாட்சியாக நிறுத்தியவர் யார், அதனால் நன்மை பெற்றவர் யார் என்று கேட்பது நம் கடமை. ‘இவை வெறும் மலர்கள்’ என்று சொல்லப்படும் இடத்திலேதான் அக்கேள்வி முதலில் எழவேண்டும்.