2012ஆம் ஆண்டுப் பெட்டி, இப்போது பறக்கிறது!

எங்கள் ஊர் வரிப்பத்தான்சேனையில் யார் வீட்டு அலுமாரியில் பழைய கலியாண வீடியோக் கசெட் கிடந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள், கொம்பியூட்டர் கோப்பாக மாற்றித் தருகிறேன் என்று இப்போது தைரியமாகச் சொல்கிறேன். என் மேசையில் இருப்பது டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010. 2012இல் வெளிவந்த மொடல். ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்து முடித்து, பாவித்த சாமானாகக் கல்முனைக் கடைக்கு வந்து, அங்கிருந்து என் வீட்டுக்கு வந்தது. அதில் மூன்றே மூன்று பாகங்களை மாற்றினேன். இந்த மெஷினுக்குள் இவ்வளவு பலம் இருந்ததா என்று இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன்!

புதிது வாங்கலாமே என்பார்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டது. வேளாண்மையை நம்பியிருக்கும் வீடுகளில் புதுக் கொம்பியூட்டர் என்ற பேச்சே அதோடு நின்றுபோனது. பழையதை அப்கிரேட் பண்ணுவதுதான் எங்களுக்குச் சரியான வழி. வேறு வழியில்லாமல் இதைச் சொல்லவில்லை. வேலை செய்து பார்த்த பிறகு சொல்கிறேன்.

முதலில் எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஊசி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து தகவலைத் தேடி எடுக்கப் பத்து மில்லிசெகண்ட் அளவில் ஆகும். அதாவது நொடிக்கு நூறு தடவைதான் தேடும். எஸ்எஸ்டி பல்லாயிரம் தடவை தேடும். பவர் பட்டனை அமுக்கிவிட்டுத் தேத்தண்ணி போடப் போன காலம் முடிந்தது. ஒரு சிறு விசயம்: இந்த 7010இன் கியூ77 சிப்செட்டில் 6 ஜிகாபிட் வேகமுள்ள சாட்டா போர்ட் இரண்டுதான். எஸ்எஸ்டியை அதில் ஒன்றில் குத்துங்கள்.

ரேம், 4 ஜீபியிலிருந்து 16க்கு. எட்டு எட்டாக இரண்டு டிடிஆர்3 குச்சிகள், இரட்டைச் சனலில் ஓடும்படி.

ஆனால் நான் பாடிக்கொண்டு திரிவது ப்ராசஸரைத்தான். பெட்டியோடு வந்த ஐ3-3220க்கு இரண்டு கோர், நான்கு திரெட். அதே சொக்கெட்டில் அப்படியே உட்காரும் ஐ7-3770க்கு நான்கு கோர், எட்டு திரெட். பாவித்த ஐ7 இன்று மலிவாகக் கிடைக்கிறது. ஐ3 55 வாட், ஐ7 77 வாட். அதனால் பேனின் தூசியை ஊதி எடுத்து, புது தேர்மல் பேஸ்ட் பூசிவிட்டுத்தான் மூடினேன்.

இனி வீடியோவுக்கு வருவோம். கசெட்டைக் கொம்பியூட்டருக்குள் கோப்பாக எடுத்த பிறகு, அதைக் கன்வர்ட் பண்ணுவதற்கு ஹேண்ட்பிரேக். 2003இல் எரிக் பெத்தி என்பவர் தொடங்கியது, இன்றும் முற்றிலும் இலவசம். எங்கள் பழைய கசெட் எல்லாம் பால் முறை: நொடிக்கு 25 பிரேம், ஒவ்வொரு பிரேமும் இரண்டு பாதிப் படங்களால் ஆனது. பழைய டீவியில் அது கண்ணுக்குத் தெரியாது. கொம்பியூட்டர் திரையில் ஏதாவது வேகமாக அசைந்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலப் பிரியும். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பொல்லடி வரும் இடத்தைப் பாருங்கள், தடி எது கை எது என்றே தெரியாது! டீஇன்டர்லேஸ் போட்டு, என்எல்மீன்ஸ் வடிகட்டியால் புள்ளிகளையும் அகற்றினால், தடியோடு தடி மோதும் கணம் தெளிவாகத் தெரிகிறது. இந்த வடிகட்டி ப்ராசஸரைப் பிழிந்தெடுக்கும். பழைய ஐ3இல் நொடிக்கு 20 பிரேம் அளவில்தான் நகர்ந்தது. மூன்று மணி நேரக் கலியாணத்துக்கு நாலு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். இப்போது 45ஐச் சுற்றி ஓடுகிறது. டாஸ்க் மனேஜரில் எட்டுக் கட்டமும் நூறு வீதத்தில் நிரம்பி நிற்பதைப் பார்ப்பதே ஓர் இன்பம்.

“என்ன மகன், அதுக்குள்ள முடிஞ்சிட்டா?” என்று உம்மா கேட்டா. பத்து ஜீபிக்கு மேல் இருந்த கோப்பு ஒன்றரை ஜீபியில் அடங்கியிருந்தது. வட்ஸ்அப் 2022இல் ஒரு கோப்பின் எல்லையை 2 ஜீபியாக உயர்த்தியது நல்லதாய்ப் போனது. கட்டாரில் இருக்கும் ராத்தாவுக்கு டொக்கியுமெண்டாக அப்படியே அனுப்பினேன். பெண்கள் குரவையிடும் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாவாம்.

2004 சுனாமியில் சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் வீடுகளோடு எத்தனை அல்பம், எத்தனை கசெட் போனது! கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் எங்கள் ஊரில், சொந்தக்காரருக்கென்று கொடுத்துவைத்த பிரதி மிஞ்சியிருந்தால் அது தங்கம். அதைப் பூஞ்சணம் தின்னும் முன் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

இன்னொரு அருமை. கன்வர்ட் ஓடும்போதே தம்பியின் மகள் அதே மெஷினில் சூம் வகுப்பில் இருக்கிறாள், நான் பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்து வைத்திருக்கிறேன், ஒன்றும் திக்கவில்லை. ஹேண்ட்பிரேக்கின் செட்டிங்ஸில் முன்னுரிமையை ஒரு படி குறைத்துவிட்டால், மற்ற வேலைக்கு வழிவிட்டு, மிச்ச நேரத்தை எல்லாம் அது எடுத்துக்கொள்ளும்.

கடையில் ‘கிராபிக்ஸ் கார்ட் போடுங்க’ என்பார்கள். கவனம்! ஜிடி 1030இல் வீடியோ என்கோட் பண்ணும் என்வென்க் பகுதியே கிடையாது. இந்த வேலைக்கு அது உதவாது. இன்னொன்று, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது, விண்டோஸ் 11 இந்த ப்ராசஸரை ஏற்காது. லினக்ஸ் மின்ட் போடுங்கள், ஹேண்ட்பிரேக் அதிலும் ஓடும்.

மூன்றையும் ஒரேயடியாக வாங்கக் காசு போதாதவர்கள் எஸ்எஸ்டியில் தொடங்குங்கள், அடுத்து ரேம். அலுமாரியில் கசெட் வைத்திருப்பவர்கள் மட்டும் ஐ7ஐப் பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள்.